பெயர் வைக்காத செருப்பு

ஆம்பூர் நெடுஞ்சாலையோரம் இன்பராஜின் கடைக்குள் கால் வைத்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பெங்களூர் போகிற வழியில் டீ குடிக்க இறங்கியவர்கூட ஒரு ஜோடி செருப்போடுதான் கார் ஏறுவார். அவன் பேச்சு அப்படி.

சரக்கு அவன் மனைவி மெர்சி தைத்தது. ஷூ கம்பெனியில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்தவள். நிற்கிற காலுக்கு எங்கே வலிக்கும் என்று தெரியும். வேலையை விட்டுவிட்டு, பின்கட்டில் தையல் மெஷின் போட்டு, மெத்தென்று ஒரு செருப்பை உருவாக்கியிருந்தாள்.

"உள்ள 'மெர்சி'ன்னு அச்சு போட்டுடலாங்க."

"பேரைப் பார்த்தா வாங்குறான்? என் பேச்சுக்கு வாங்குறான். எல்லாரும் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டுதான் கேக்குறான், அதையே குடுப்போம்."

ஏற்றுமதியில் கழித்த ஜோடிகளை, உள்ளே இருக்கும் கம்பெனிப் பெயரைக் கத்தியால் கீறிவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அந்தக் கீறலைப் பார்த்தே வாங்குகிற ஜனம் உண்டு. பெயரே இல்லாத மெர்சியின் செருப்பில் இன்பராஜ் அதேபோல் ஒரு கீறல் போட்டான்.

"ஜெர்மனிக்குப் போக வேண்டியதும்மா. ஒரு தையல் கோணலாம், திருப்பிட்டான்!" என்பான் கடைக்கு வருகிறவர்களிடம்.

"என் தையலைக் கோணல்னு நீங்களே சொல்றீங்களே" என்பாள் மெர்சி.

"விக்குதா, இல்லையா?"

விற்றது. அதனால் அவளும் அடுத்த ஜோடியைத் தைக்கப் போனாள்.

பிறகு மேம்பாலம் வந்தது. வண்டிகளெல்லாம் மேலேயே பறந்தன. கீழே இன்பராஜ் யாரிடம் பேசுவான்? கடை ஓய்ந்தது, பின்கட்டு மெஷினும் ஓயும் போலிருந்தது. கடைசியில் பை நிறையச் செருப்பை அடுக்கிக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினான். நாளெல்லாம் நிற்கிறவர்கள் நர்ஸ்கள்தானே என்று, ஒரு நர்ஸ் ஹாஸ்டல் வாசலில் போய் நின்றான்.

வெளியே வந்த நந்தினி என்ற பெண்ணின் காலில் மெர்சியின் செருப்பு, குதிகால் தேய்ந்து.

"சிஸ்டர், இது எங்க வீட்ல தச்சது!"

"சும்மா இருங்கண்ணா. இது எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டு. எங்க சித்தப்பா போற வழியில ஆம்பூர்ல வாங்கியாந்தாரு, கடை அவருக்கே ஞாபகம் இல்ல. எங்க வார்டே இதைக் கேட்டுச்சு. எந்தக் கடை, இன்னா பேருன்னு தெரிஞ்சாத்தானே வாங்கறது? போன்லகூட தேடிப் பார்த்தோம். இப்ப எல்லாரும் வேற கம்பெனி செருப்புக்கு மாறிட்டாங்க."

"நிஜமா எங்களுதுதான். அந்தக் கீறலைப் போட்டதே நான்தான்."

"நல்ல செருப்பைப் போய் யாராச்சும் கீறுவாங்களா?" அவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

எதிரில் நிற்கிறவரிடம் விற்கத்தான் அவனுக்குத் தெரிந்தது. தான் இல்லாத இடத்திலும் நாலு பேர் பெயர் சொல்லித் தன் சரக்கைத் தேடும்படி செய்வது வேறு வேலை என்று ஆம்பூர் திரும்புகிற பஸ்ஸில்தான் உறைத்தது.

மெர்சியிடம் எதையும் மறைக்காமல் சொன்னான். அவள் கோபப்படுவாள் என்று பார்த்தான்.

"வார்டே கேட்டுச்சாமா?"

"ஆமா."

அதையே மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஆமா என்றான்.

"இனிமே வேணா அச்சு போட்டுடலாம், மெர்சி."

"யாருக்கு?"

அடுத்த மாதம் அவள் பழைய கம்பெனிக்கே வேலைக்குப் போனாள். இன்பராஜ் இப்போது இஷ்தியாக் அகமது என்பவரின் பிராண்டு செருப்பு ஷோரூமில் சேல்ஸ்மேன். அங்கே வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். இவன் சைஸ் மட்டும் கேட்டு, பெட்டியை எடுத்துக் கொடுக்கிறான்.