குளத்தூரில் ஒரு சோப்ரெமேசா

அடுத்த கோடையில் ஸ்பெயின் போவதாகத் திட்டம். அதற்காக இணைய வகுப்பில் ஸ்பானியம் படிக்கிறேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கேரள எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனது ஊர் பார்க்க இல்லை, ஒரே ஒரு சொல்லைப் படிக்க. சிரிக்காதீர்கள்.

சொல் 'சோப்ரெமேசா'. மேசா என்றால் நம் மேசையேதான். சாப்பிட்ட பிறகும் எழுந்து போகாமல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு அந்தப் பெயர். 'நாங்கள் சோப்ரெமேசாவில் இருக்கிறோம்' என்று ஒருவர் சொன்னால் அவசரப்படுத்தக் கூடாது. ஸ்பெயினில் மத்தியானம் டிவியில் போடும் படத்துக்கும் 'சோப்ரெமேசா படம்' என்றே பெயர். இதை வீட்டில் செய்து பார்த்துவிட்டு வந்து திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வில் பேச வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். நான் தனியாக இருப்பவள், சுவரோடா பேசுவது? என்னோடு ஜோடி சேர்ந்து படிக்கும் ஷைனி, "அக்கா, எங்க வீட்டுக்கு வாருங்கோ" என்றாள். அவள் குளத்தூர்க்காரி, நர்ஸ். மாட்ரிட்டில் வேலை உறுதியாகிவிட்டது.

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அங்கே வண்டி மாறி உதியன்குளங்கரையில் இறங்கினால் குளத்தூருக்கு ஆட்டோ. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஓட்டுநர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார்.

"என்னங்க அநியாயம்?" என்றேன்.

"ஞாயிறாக்கும். திரும்பி வர ஆள் கிட்டாது."

வீட்டில் ஷைனியும் அவள் அப்பா செல்லையனும்தான். லாரி ஓட்டியவர், அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். அம்மா பல வருடமாகக் குவைத்தில் நர்ஸ். மகளும் கிளம்பினால் வீட்டில் அவர் மட்டுமே. விசா வந்ததிலிருந்து அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "அப்பா ஒரு வாக்கு சொல்லாம நான் எப்பிடிக்கா பிளேன் ஏறுவேன்?" என்று ஷைனி அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். அந்தக் கறிக்குத் தனிப் பதிவே எழுதலாம். கடைசி வாய் உள்ளே போனதும் அப்பா எழுந்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன, நான் வளர்ந்த வீட்டிலும் சாப்பிட்ட கை காய உட்கார்ந்திருந்தால் திட்டு விழும்.

"அப்பா, இரியுங்கோ. பாடம் உண்டு" என்றாள் ஷைனி.

"தின்னாச்சு. பின்னே எதுக்காக்கும் இரிக்கது? கை காயுது மக்கா."

"கழுவிட்டு வந்து உட்காருங்க. பரீட்சையில தோத்தா ரெண்டு பேருக்கும் மானம் போயிடும்" என்று நான் அதட்டினேன். விருந்தாளி பேச்சைத் தட்ட முடியாமல் வந்து, பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

ஷைனி பால் விடாத கட்டன் சாயா கொண்டு வந்தாள். மழை, ரப்பர் விலை, லாரி டயர் எல்லாம் பேசித் தீர்ந்தது. அவருக்கோ எழ வழியில்லை. டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"உனக்க அம்மை போகச்சில நான் ஒண்ணும் சொல்லல்ல. தின்னுட்டு எழும்பிப் போயிட்டேன். இப்பளும் போன்ல அதைச் சொல்லி ஏசுவா."

ஷைனி தன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்குச் சங்கடம் உண்டு. இல்லாம இரிக்குமா? ஆனாலும் நீ போயிட்டு வா மக்கா. சொல்லியாச்சு, பாத்துக்க."

ஷைனி அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நான் சாயாவைக் குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

இந்தப் பக்கம் ஞாயிறு மதியம் போகிறவர்கள் திரும்புவதற்கு ஆட்டோவை முன்பே சொல்லி வையுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை, செல்லையன்தான் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். மொழி படிக்கிறவர்களுக்கு ஒன்று: அகராதி பார்த்தால் மட்டும் போதாது, அந்தச் சொல்லை ஒரு வீட்டில் செய்து பாருங்கள். தேர்வில் நான் சாளைக் கறியை வைத்து ஏதோ உளறினேன். ஷைனி, "சோப்ரெமேசாவில் அப்பா என்னைப் போகச் சொன்னார்" என்றாள், நல்ல மதிப்பெண்.

அடுத்த ஞாயிறு போன் செய்தாள். அப்பா சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், யாரும் கூப்பிடாமலே மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாராம்.

"இன்னைக்குப் பாடம் இல்லியா மக்கா?" என்று கேட்டாராம்.