ஒரு கூடை தக்காளியும் அருள்தாஸின் டிராக் காரும்

சனிக்கிழமை சாயங்காலம், கடையில் டைல்ஸ் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டி, மழையில் அருள்தாஸின் கார் புளியமரத்தில் மோதிவிட்டது, ஓட்டியவர் அங்கேயே இறந்துவிட்டார் என்றார்கள். ‘யார் ஓட்டியது?’ என்று கேட்டேன். அந்தக் கார் எப்போதும் லாரியில் ஏறித்தான் வரும். அவனேதான் ஓட்டி வந்தான் என்றார்கள்.

திண்டுக்கல்லில் கார் பித்துப் பிடித்த நம் பத்துப் பேருக்கும் அவனைத் தெரியும். இந்த அஞ்சலிக் கூட்டத்துப் போஸ்டரில் ‘பண்பாளர்’ என்று போட்டிருக்கிறீர்கள். பார்த்தால் சிரித்திருப்பான். அவனிடம் லேத் பட்டறை இருந்தது, நாக்கு இருந்தது. பண்பை நான் பார்த்ததில்லை.

ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்றே பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, எடை குறைய ஏசி, பின்சீட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தான். கடைசியில் முன்பக்கம் மனைவி ஸ்டெல்லா உட்காரும் சீட்டையும் கழற்றினான். ஸ்டெல்லா கேட்டபோது, ‘உன்னை ஏத்துனா ஒரு சுத்துக்கு ரெண்டு செகண்டு போயிரும்’ என்றான். நம் எல்லோர் முன்னாலும்தான் சொன்னான். நாமும் சிரித்தோம்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். டிராக்கிலும் ஓட்டலாம், மறுநாள் அதிலேயே கடைக்கும் போகலாம். அவனுக்கு அது ஆகாது. ‘இது கார் இல்ல சூசை, ஓடுற சோபா. ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி ரெண்டு எடத்துலயும் பொய் சொல்லுது’ என்பான். ஒருமுறை நான் டிராக்கில் சுவரை உரசிவிட்டு டயரைக் குறை சொன்னேன். ‘மண்டையச் சொல்லு, டயரச் சொல்லாத’ என்றான்.

பதிலுக்கு நானும் ஒரு சோதனை வைத்திருந்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கூடை தக்காளி வாங்கிப் பக்கத்தில் வைத்து வீடு வரை ஓட்டி வரவேண்டும். நசுங்காமல் வந்தால் அது கார். என் கார் மூன்று முறை ஜெயித்தது. அவன் காரை அந்தச் சாலையில் இறக்கியதே இல்லை.

அவன் சாவதற்கு முந்தின வாரம் டீக்கடையில் வைத்து, ‘ஏலே, ஒரு கூடை தக்காளிய வீடு கொண்டாந்து சேக்க வக்கில்ல. லாரி மேல ஊர்வலம் போறதுக்குப் பேரு காரா?’ என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். முதன்முறையாக அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். எனக்கு அது இனித்தது.

அந்தச் சனிக்கிழமை கோவை டிராக்கில் ஓட்டி முடித்ததும் லாரியைக் காலியாக அனுப்பிவிட்டான். டிராக் டயரில் தண்ணீர் வழிந்தோடும் வெட்டு கிடையாது. சூடேறினால்தான் தரையைப் பிடிக்கும், ஈரத்தில் வழுக்கிவிடும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்டெல்லா என்னிடம் கேட்டார்: ‘அண்ணே, ஒட்டன்சத்திரத்துல இருந்து போன் பண்ணாரு. தக்காளி வாங்கிட்டு வாரேன், சூசையையும் சாப்பிட வரச் சொல்லுன்னாரு. கறிவேப்பிலை கூட வாங்கியாராத மனுசன், அன்னைக்கு எதுக்குண்ணே தக்காளி வாங்குனாரு?’

‘தெரியலம்மா’ என்றேன்.

போலீஸ் ஸ்டேஷனில் காரைப் பார்த்தேன். சீட்டு இருந்த இடத்தில் கூடையை பெல்ட் போட்டுக் கட்டியிருந்தான். மரம் அவன் பக்கம்தான் இடித்திருந்தது. கூடையில் பாதிக்கு மேல் தக்காளி நசுங்காமலே இருந்தது.

டயர்தான் அவனைக் கொன்றது என்று பேசிக்கொள்கிறீர்கள். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது டயரைச் சொல்லாதே என்ற அந்த ஒரு வார்த்தைதான். ஸ்டெல்லாம்மா, அந்தத் தக்காளி எதற்கென்று எனக்குத் தெரியும். டீக்கடையில் நான்தான் கேட்டேன்.