மாமனுக்கு ஆகாத நட்சத்திரம்

1930களின் தொடக்கத்தில், கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு மாலை. பினாங்கிலிருந்து பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் நின்றுகொண்டிருந்தேன். கையில் வெள்ளி அரைஞாண், மனம் முழுக்கப் பயம்.

அக்கரையில் என் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நட்சத்திரம் ரோகிணி. கண்ணன் பிறந்த நட்சத்திரம், தாய்மாமனுக்கு ஆகாது என்பார்களே, அதேதான். கிண்ணத்து நல்லெண்ணெயில் தெரியும் பிள்ளையின் முகத்தை மாமன் பார்த்துவிட்டால் தோஷம் போய்விடும் என்று தங்கை ஆள்மேல் ஆள் அனுப்பினாள். நானோ சரக்குக் கிட்டங்கியில் வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லியே காலம் கடத்தினேன். இந்த முறையும் வராவிட்டால் தனக்கு அண்ணனே இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அப்போதும் என் திட்டம் என்ன தெரியுமா? படகுத்துறையில் காத்திருக்கும் அவள் கணவரிடம் அரைஞாணைக் கொடுத்துவிட்டு, அதே ஃபெரியில் திரும்பிவிடுவது.

பக்கத்தில் அந்திநேர மஃரிபு தொழுகை முடித்து எழுந்தார், என் வயதுள்ள ஒரு முஸ்லிம் வியாபாரி. கிழக்கே கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் அதற்குக் கீழே சிவப்பாக ஒரு பெரிய நட்சத்திரமும் எழுந்திருந்தன. அந்த ரோகிணிதான் என் எமன் என்று காட்டி, கதை முழுவதையும் அவரிடம் கொட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க கப்பலாளுங்க அத தபரான்னு சொல்வாங்கண்ணே. அரபுப் பேரு. பின்னால வர்றதுன்னு அர்த்தம். கார்த்திகை முன்னால போவும், இது பின்னாலயே வரும், அவ்ளோதான் லா. ரோகிணின்னா என்னா அர்த்தம்?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக நடுங்கியிருக்கிறேன், அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாகிவிட்டது. சிவந்தவள் என்று அர்த்தம் என்பதைப் பிறகுதான் ஒரு குருக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"பின்னாலயே வர்ற பிள்ளையப் பாத்து யாராச்சும் ஓடுவாங்களாண்ணே? வாங்க, எறங்குவோம்" என்றார். இறங்கி, தங்கை கணவரோடு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் தங்கை என் முகத்தைப் பார்க்காமலே எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தாள். "கம்சன் தங்கச்சிய ஜெயில்ல போட்டான். நீ என்னைய என்னாண்ணே செஞ்ச, இப்படிப் பயப்பட?" என்று கேட்டாள். நான் கிண்ணத்தின் மேல் குனிந்தேன்.

எண்ணெயில் அந்தப் பொக்கைவாய் தெரிந்தது. நிமிர்ந்து நேராகவே பார்த்தேன். வாங்கி மடியில் வைத்ததும் பயல் என் சட்டையை நனைத்துவிட்டான். தங்கை சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதன்முறையாக எனக்கு நன்றாகப் பசித்தது.

மருமகனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. நானும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். ஏதாவது ஒரு குழந்தையின் நட்சத்திரத்தைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால், அந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன என்று அந்த வியாபாரியைப் போல நானும் கேட்டுப் பார்க்கிறேன். அர்த்தம் தெரிந்து பயந்தவர் எவரையும் இதுவரை பார்த்ததில்லை.