மாமியார் கொட்டிய மணல்

மட்டக்களப்பு வாவியோரத்து நாவற்குடாவில் பிறந்து, எழுபத்தொரு அகவை நிறைந்த சின்னத்தம்பி கந்தவனம் ஆகிய நான், கொங்கிறீட் கலப்போர் சார்பில் இதனை எழுதுகிறேன். போட்ட தரை நன்றாக அமைந்தால் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். வெடித்தால் மேசன் குற்றவாளி. இத்தொழிலில் உழலும் அன்பர்களே, உங்களுக்கு இது புதிதன்று.

நரை

யோகராசாவின் முற்றத்துக்கு நார்க் கொங்கிறீட் போட ஒப்புக்கொண்டேன். வெள்ளை நார் இழைகளை உதிர்த்தபடியே விளக்கினேன். வெடிப்பை நார் இழுத்துப் பிடிக்கும். இழை ஒவ்வொன்றையும் சாந்து போர்த்த வேண்டுமாதலால் வழமையிலும் சற்று மணல் கூட்டுவேன். அளவு மீறினாலோ மணல் தண்ணீரைக் குடிக்கும், சீமெந்தின் பிடி தளரும், காயும்போது சுருங்கி வெடிக்கும். அனைத்தையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"மேசனார், கொங்கிறீட்டுக்கும் நரைச்சிட்டுது போல."

கைராசி

காலையில் கிணற்றடிப் பக்கத்தை அளவு பிசகாமல் முடித்தேன். வாசல் பக்கம் தொடங்குகையில் யோகராசாவின் மாமியார் பூமணி உறவினரோடு வந்திறங்கினார். புது வேலையில் சொந்தக்காரர் கை படவேண்டுமாம். ஆளுக்கொரு தாச்சிச் சட்டி மணலைக் கலவையில் கொட்டினார்கள். சேலை அழுக்காகுமென்று சீமெந்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. கலவை இறுகியதும் வாளி வாளியாகத் தண்ணீர் வேறு. அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கலக்கிறேன் என்றேன். அபசகுனம் என்று யோகராசா மறித்து, அதையே போடவைத்தார். பூமணி என்னைத் தேற்றினார்:

"மணல் கூடினா பலந்தானே அண்ணன், மறுகா என்னத்துக்குக் கத்துறீங்க?"

பழி

வாசல் பக்கம் குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது. நார் போட்டதே காரணமென்று யோகராசா ஊரெங்கும் சொன்னார். என்னிடம் பேசி வைத்திருந்த இரண்டு வீட்டார் வேறு மேசனைத் தேடினர். ஐம்பது ஆண்டுகளாக நான் காத்த பெயர் அது. சந்தையில் மீன்காரர் ஒருவர் என்னை மறித்து விசாரித்தார்:

"உங்கட நார் மிச்சமிருந்தா தாங்க மேசனார், வலை கட்டுவம்."

உளி

பொறுக்கவில்லை. உளியோடு போய் யோகராசாவையும் மாமியாரையும் முற்றத்துக்கு அழைத்தேன். இரு பக்கமும் ஒரே நார், ஒரே சீமெந்து. விரைவில் காயாதபடி சாக்குப் போட்டு நனைத்ததும் நானே. கிணற்றடியில் ஓங்கி அடித்தேன், உளி துள்ளியது. வாசலில் அடித்தேன், பொலபொலவென உதிர்ந்தது. நார் மாத்திரம் பற்றுவதற்கு ஏதுமின்றி நீட்டிக்கொண்டு நின்றது. பூமணி குனிந்து உதிர்ந்ததை அள்ளி, விரலால் தேய்த்துப் பார்த்தார்:

"வெடிச்சது மேசனார்ர நார் இல்ல மருமகன், நம்மட கைராசி."

வாசல் பக்கத்தை உடைத்து மீண்டும் போடும்போது ஒருவரும் அணுகாதபடி மணலைச் சுற்றி ஒரு கயிறும் கட்டினேன். ஏனெனில் மணலை அளப்பதைவிடச் சொந்தக்காரரை அளப்பதே கடினம் என்பது, நான் உளியோடு போன, பொங்கலுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை முற்பகல் ஐயமறத் தீர்ந்துபோன விடயம்.