பப்பாளித் தண்டில் பழகிய மவுத் ஆர்கன்

எங்கள் அக்கா மவுத் ஆர்கன் பழகியது பப்பாளித் தண்டில். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், கூடவே இருந்து பார்த்தவள் நான்.

பம்பாய் லைனில் லாரி ஓட்டிய சித்தப்பா அவளுக்கு ஒரு மவுத் ஆர்கன் வாங்கி வந்து, எப்படிப் பிடிப்பது, எப்படி ஊதுவது என்று காட்டிவிட்டு மறுநாளே வண்டி ஏறிவிட்டார். அக்கா அப்போது புதுச்சத்திரத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போய்ப் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊதிய முதல் சத்தத்துக்கே அப்பா தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். "பொட்டப்புள்ள இருக்கற ஊடா, டூரிங் கொட்டாயா?" என்று அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

வேறொருத்தியாக இருந்தால் அழுதுவிட்டு அத்தோடு விட்டிருப்பாள். எங்கள் அக்கா பிடித்தால் பிடித்ததுதான். கருவி இல்லாவிட்டால் என்ன, வாயும் மூச்சும் இருக்கிறதே என்று ஆரம்பித்துவிட்டாள். ஒரே துளையில் ஊத உதட்டைக் குவிக்க வேண்டுமாம். அதற்குப் பப்பாளி இலைத் தண்டு. அதன் பால் பட்டு முதல் நாளே உதடு வெந்துபோய், அம்மாதான் தேங்காய் எண்ணெய் தடவினாள். அதற்கப்புறம் அக்கா தண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவினாள். துளைக்குத் துளை தாவ மக்காச்சோளக் கதிர். ஒரு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக மணியைப் பெயர்த்துவிட்டு, அந்தப் பள்ளங்களில் உதட்டை நகர்த்திப் பழகுவாள். பெயர்த்த மணிகள் எனக்கு. மவுத் ஆர்கனில் ஊதினால் ஒரு சத்தம், உறிஞ்சினால் வேறு சத்தம். அந்த மூச்சுக்காக மாட்டுக் கொட்டகை விட்டத்தில் நூல் கட்டி ஒரு சேவல் இறகைத் தொங்கவிட்டிருந்தாள். ஊதினால் இறகு விலக வேண்டும், உறிஞ்சினால் தண்டின் நுனியில் வந்து ஒட்ட வேண்டும். தோள் ஏற, கழுத்து நரம்பு புடைக்க, ஹூ... ஹா... என்று அவள் வாங்குகிற மூச்சைக் கேட்டு எருமையே திரும்பிப் பார்க்கும்.

இதற்கு நடுவில் மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தோட்டம், கிணறு, சொந்த லாரி. மாப்பிள்ளைக்கு வயதுதான் கொஞ்சம் கூட. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "படிச்சுக் கிழிச்சது போதும்" என்றுவிட்டார். பன்னிரண்டாவதாவது முடிக்கிறேன் என்று அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா என்ன செய்வாள், பாவம்! எங்கள் வீட்டில் எருமையை விற்பதற்குக்கூட அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கோ, கல்யாணம் நடந்தால் பட்டுப்பாவாடை. நான் மாப்பிள்ளை கட்சி.

எங்கள் பக்கம் முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வேறு ஏதாவது சாக்கில் வந்து நோட்டம் விடுவார்கள். அலங்காரம் இல்லாமல் பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரியே நடந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் மாப்பிள்ளையின் பெரியம்மா ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக்குக் கன்று பார்க்க வந்தார். அப்பா சந்தைக்குப் போயிருந்தார். கன்று பார்க்க வந்தவர் வேறு எங்கே போவார்? நேரே கொட்டகைக்குத்தான்.

அங்கே அக்கா இறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால், தண்டும் இறகும் அந்தம்மாவின் கண்ணில் படவில்லை. ஏறி இறங்குகிற தோளும், அந்த ஹூ, ஹாவும்தான். சத்தம் காட்டாமல் திரும்பி வந்தார். அடுப்படியில் அம்மா அவருக்காகத் தட்டில் கச்சாயம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அம்மிணி, புள்ளைக்கு இழுப்பு கிழுப்பு இருக்குதுங்களா?"

எனக்கு வந்ததே சிரிப்பு! "இழுப்பெல்லாம் இல்லீங்க, அக்கா மவுத்..." என்று வாயைத் திறந்தேன். அம்மா ஒரு முழுக் கச்சாயத்தை எடுத்து என் வாயில் திணித்தாள். எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

"பனிக்காலம் வந்தா கொஞ்சம் வருமுங்க" என்றாள் அம்மா, நிதானமாக. "சின்னதுல இருந்தே இருக்குதுங்க. வெளிய சொல்லக் கூடாதும்பாரு அவங்கப்பா. உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரலீங்க."

அந்தம்மா தட்டைத் தொடவில்லை. "வாரேனுங்க" என்று கிளம்பிவிட்டார். கன்றை அவர் பார்க்கவே இல்லை.

கொஞ்ச நாளில், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா ஜோசியரைத் திட்டித் தீர்த்தார். அக்கா பன்னிரண்டாவது முடித்தாள், டீச்சர் ட்ரெய்னிங்கும் முடித்தாள். வெகுகாலம் வரை அவளைப் பெண் கேட்டு எங்கள் வாசலை யாரும் மிதிக்கவில்லை. நோய்க்காரி என்ற பேச்சு தம்மம்பட்டி வரைக்கும் போயிருந்தது. போகும் என்று அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அந்த யோசனையெல்லாம் அன்றைக்கு எனக்கு ஏது? பட்டுப்பாவாடை போச்சே என்று கோபம் கோபமாக வந்தது. பெற்ற பெண்ணுக்கு இழுப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாத அம்மா என்ன அம்மா!

அந்தம்மா தெருமுனை தாண்டியதும், பேச்சுச் சத்தம் கேட்டுக் கொட்டகையிலிருந்து வந்து, கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அக்கா ஓடி வந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அம்மா அவள் முதுகை மெல்ல நீவிவிட்டாள்.

"அக்காளுக்குத்தான் இழுப்பே இல்லியே, அப்புறம் எதுக்கும்மா நீவி உடறே?" என்று கேட்டேன்.