முகவரி இல்லாத ஏழு கருத்துகள்

எங்கள் நாளிதழில் வாசகர் கடிதங்களைப் பார்ப்பவருக்குக் 'கத்தரி' என்று பெயர் வைத்தவளே நான்தான். பிழை திருத்தும் மேசை எனக்கு, அடுத்த மேசை அவருக்கு. இருபத்தாறு வருஷம். உறைமேல் அனுப்பியவரின் முழு முகவரி இல்லாத கடிதம் வந்தால் பிரித்துக்கூடப் படிக்காமல் கூடையில் போடுவார். "மொட்டைக் கடுதாசிக்கு என் பக்கத்துல இடமில்ல" என்பார். மனிதர் தங்கம்தான், பிடிவாதம் மட்டும் குரங்குப்பிடி.

பேப்பர் இணையத்துக்குப் போனது. செய்திகளுக்குக் கீழே வாசகர்கள் எழுதுவதைப் பார்த்து வெளியிடும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். அங்கே எவன் முகவரி போடுகிறான்? கத்தரி அசரவில்லை. முகவரி இல்லையா, அழி. ஒரு நாளைக்கு நூறு அழிப்பார்.

"அண்ணே, படிச்சுப் பாத்தாவது அழிங்க" என்றேன்.

"நீ உன் ஒற்றுப்பிழையைப் பாரும்மா."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று திரும்பிக்கொண்டேன். அப்படி விட்டிருக்கவே கூடாது.

போன மாதம் ஒரு செய்தி போட்டோம். கால்வாய்ப் பாலத்தில் ஆடிக்கொண்டிருந்த கைப்பிடிக் கம்பியைக் கயிற்றால் கட்டப் போன ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கம்பியோடு சரிந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். செய்திக்குக் கீழே அவருடைய மகள் எழுதியிருந்தாள்: "கம்பி ஆடுதுன்னு அப்பா உங்களுக்கு ஏழு தடவை எழுதினார். நீங்க போடல. அதனாலதான் அவரே கட்டப் போனார்."

அதிலும் முகவரி இல்லை. கத்தரியின் விரல் அழிக்கும் பொத்தான்மேல் நின்றுவிட்டது. அழித்தவை சேரும் பெட்டியைத் திறந்தோம். ஏழும் இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனோம். கண்டக்டரோ முகமெல்லாம் சிரிப்பாக, "பேப்பர்லேருந்தா? எனக்காகவா வந்தீங்க!" என்று படுத்தபடியே மகளிடம் நாற்காலி போடச் சொன்னார். அவள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் எட்டாங்கிளாஸ்தான் சார்" என்றார் அவர். "எழுதினது நல்லா இல்லபோல, அதான் போடலன்னு ஒவ்வொரு தடவையும் மாத்தி மாத்தி எழுதிப் பாத்தேன். கடைசியா எழுதினதாவது பரவாயில்லையா சார்?"

கத்தரி உட்காரவே இல்லை.

"மொத தடவை எழுதினதே நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றார். "நான்தான் படிக்கல."