வாகையனின் வடு எந்தக் கன்னத்தில்?

தேவஇரக்கம் அண்ணாச்சி பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்கியவர்களும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். டிக்கெட்டை வாங்குவார், திருப்பிப் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், கடைசியாகக் கொடுத்தவன் முகத்தைப் பார்ப்பார். ஒரு தப்பும் செய்யாதவன்கூட அந்த நேரத்தில் எதையாவது ஒப்புக்கொண்டு இறங்கிவிடலாமா என்று யோசிப்பான்.

வேலையால் வந்த புத்தியா, புத்திக்கு ஏற்ற வேலையா என்று எங்களுக்குள் வாதம் உண்டு. அவர் மனைவி ஏசம்மாள் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "தாலிய எங்கழுத்துல கட்டுறதுக்கு முந்தி கல்லுல உரசிப் பாத்த மனுசன். அவியளுக்கு வேலயா கத்துக்குடுக்கணும்?" என்பார்.

நான் கண்ணபிரான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அண்ணாச்சி என் வாடிக்கையாளர். தைத்த காக்கிச் சட்டையைத் தைக்கக் கொடுத்த துணிதானா என்று முகர்ந்து பார்க்கிற வாடிக்கையாளர். அப்படிப்பட்டவரோடு எனக்கு ஏன் சிநேகம் என்றால், எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். கோட்டை காமிக்ஸ்.

சிவகாசியிலிருந்து மாதம் ஒன்று வரும். கதாநாயகன் தளபதி வாகையன். இடது கன்னத்தில் நீளமாக ஒரு வெட்டு வடு, வலது கையில் வாள், ஏறிப் போக மின்னி என்ற குதிரை. படம் எல்லாம் நிழலன் என்கிற ஓவியர். நாங்கள் கதை படிப்போம், அண்ணாச்சி செக்கிங் செய்வார். இந்தப் படத்தில் பொத்தான் இருக்கிறதே, அடுத்த படத்தில் எங்கே என்பார். ஒரு தடவை மின்னிக்கு ஐந்து கால் இருப்பதாகச் சொல்லிப் புத்தகத்தை என் கட்டிங் மேஜையில் விரித்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் காஞ்சனா அது வால் என்று சாதித்தாள். ஒரு வாரம் இருவரும் பேசவில்லை. ஆனால் அவரைப்போல் நிழலனை நேசித்தவர் இந்தத் தாலுகாவில் கிடையாது. "அந்தக் கையப் பாத்துட்டா போதும்லே, கண்ணா. ஒரே ஒரு தடவ" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சமயத்தில் மட்டும் அவர் முகத்தில் சந்தேகம் இருக்காது.

நிழலன் யார், எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆசிரியருக்கு எழுதிக் கேட்டால் பதில் வராது. அதனால் எண்பத்தாறில் எங்கள் வாசகர் மன்றம் ஒரு காரியம் செய்தது. மன்றம் என்றால் அண்ணாச்சி செயலாளர், காஞ்சனா தலைவர், நான் மீதி எல்லாம். 'சிறந்த சித்திரக்கதை ஓவியர்' என்று ஒரு விருது, ஒரு ஷீல்டு. ஆடிப்பூரத்துக்குள் நிழலன் நேரில் வந்து கண்ணபிரான் தையல் கடையில் பெற்றுக்கொள்ளலாம் என்று வாசகர் பக்கத்துக்கு எழுதிப் போட்டோம். இதழுக்கு விளம்பரம் என்று நினைத்தார்களோ என்னவோ, அச்சிலும் போட்டுவிட்டார்கள்.

முதலில் வந்தவன் ஆலங்குளத்துக்காரன். நான்தான் நிழலன் என்றான். பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்தோம். சாப்பிட்டு முடித்து அவன் வரைந்த வாகையன், சினிமா போஸ்டரில் இருந்து எழுந்து வந்தவன்போல் கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். அன்றிலிருந்து அண்ணாச்சியின் சந்தேகத்துக்குச் சாமி வந்துவிட்டது. இனி கடவுளே வந்து நிழலன் என்று சொன்னாலும் வரைந்து காட்டினால்தான் ஷீல்டு என்றார்.

ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் ஊர் கொள்ளாத கூட்டம். ராஜபாளையத்திலிருந்து வந்த ஸ்பெஷல் பஸ்ஸில் அண்ணாச்சி செக்கிங். ஜன்னலோரம் இருந்த ஐம்பது வயது ஆள் நீட்டிய டிக்கெட்டைத் திருப்பினால் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் குட்டியாக ஒரு குதிரைத் தலை.

"டிக்கெட்டுல என்னய்யா கிறுக்கல்?"

"கை சும்மா இருக்காது சார். மன்னிச்சுக்கிடுங்க. சீவில்லிபுத்தூர்ல கண்ணபிரான்னு ஒரு டெய்லர் கட எங்க இருக்கு?"

"அங்க என்ன சோலி?"

"எனக்கு ஒரு பரிசு தாரதா எழுதியிருந்தாங்க."

அண்ணாச்சி தான் யாரென்று சொல்லவில்லை. நிஜப் பெயர் கேட்டார், சங்கையா என்றார் அந்த ஆள். எங்கிருந்து வருகிறீர் என்று அண்ணாச்சி கேட்டார். சிவகாசிக்காரர், திருவிழாவுக்குச் செட்டியார்பட்டியில் தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறார். அத்தனையும் கேட்டுவிட்டு, டிக்கெட் இல்லாத ஆளைக் கூட்டி வருகிற மாதிரி முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே கடைக்கு வந்து சேர்ந்தார்.

காஞ்சனாவும் கடையில் இருந்தாள். ட்ரையல் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடிக்கு எதிரே மேஜையில் கறுப்புத் துணி ஒன்றை வெட்டுவதற்கு விரித்திருந்தேன். அண்ணாச்சி என் சாக்குக்கட்டியை எடுத்துச் சங்கையா கையில் வைத்தார்.

"வரையும். வாகையன், மின்னி மேல."

அந்த ஆள் துணியின் சுருக்கத்தைத் தடவி நேராக்கினார். விறுவிறு என்று குதிரை எழுந்தது, அதன் மேல் ஆள், பறக்கிற மேலாடை. காஞ்சனா என் கையைக் கிள்ளினாள். கீழே சுருள் சுருளாக எதையோ கிறுக்கிவிட்டுச் சாக்குக்கட்டியை வைத்தார்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். திருப்பிப் பார்க்க முடியாததால் மேஜையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வடு எந்தக் கன்னத்துல?"

"இடது கன்னத்துல சார்."

"நீரு எதுல போட்டிருக்கீரு?"

"இடதுலதான்."

"எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? வலது கன்னத்துல போட்டிருக்கீரு. வாளு இடது கையில இருக்கு. கீழ கையெழுத்துன்னு ஏதோ புழு நெளியுது. ஊர ஏமாத்துததுக்கு முந்தி புத்தகத்தயாவது ஒழுங்காப் பாத்துட்டு வரப்பிடாதா?"

சங்கையா தன் படத்தைத் தானே உற்றுப் பார்த்தார். என்ன தப்பு என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "எனக்கு இப்பிடித்தான் சார் வரும்" என்றார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பூக்கடைக்காரி சிரித்தாள். அவர் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சரி, நான் வாரேன். அந்த ஷீல்ட மட்டும் ஒருக்காப் பாத்துக்கிடட்டுமா?"

"அது நிழலனுக்கு" என்றார் அண்ணாச்சி.

அவர் போய்விட்டார். எனக்கு என்னவோபோல் இருந்தது, அதை மறைக்க வேலையைப் பார்த்தேன். சாக்குப்பொடியைத் தட்டலாம் என்று துணியின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினேன். கண்ணாடியில் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டிருந்த காஞ்சனா வீல் என்று கத்தினாள்.

"உதறாதிய! அண்ணாச்சி, இங்க வாங்க, கண்ணாடியில பாருங்க!"

கண்ணாடிக்குள் தளபதி வாகையன் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். வாள் வலது கையில். வடு இடது கன்னத்தில். கீழே நெளிந்த புழு, மாதாமாதம் நாங்கள் அட்டையில் பார்க்கிற அதே வளைவோடு 'நிழலன்' என்று நின்றது.

"ரப்பர் ஸ்டாம்பு மாதிரி" என்றாள் காஞ்சனா. "அதுல எழுத்து திரும்பித்தான இருக்கும்? அச்சுக்கும் அவர் அப்பிடித்தான் வரையுதாரு போல. அவருக்கு அதுதான் நேரான படம்."

அண்ணாச்சி கிட்டே வந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். பத்து வருஷம் காத்திருந்து, கையைப் பார்த்து, அந்தக் கையைத் திருட்டுக்கை என்று சொல்லித் துரத்தியிருக்கிறார். "ஏலே, பாவி ஆயிட்டனே" என்றார். ஷீல்டைத் துண்டில் சுற்றினார். கடையைப் பூட்டக்கூட நேரம் கொடுக்காமல், காஞ்சனாவைக் காவலுக்கு வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

செட்டியார்பட்டியில் சிவகாசி சங்கையாவின் தங்கை வீடு என்று கேட்டு விசாரித்துப் போனோம். கதவைத் திறந்த அம்மாள், பெயர் முத்துப்பேச்சி, காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பாதியை மூடிக்கொண்டாள்.

"போலீசெல்லாம் எதுக்கு வந்திருக்கு?"

"போலீஸ் இல்லம்மா, பஸ் இன்ஸ்பெக்டர். சங்கையா சாரப் பாக்கணும்."

"அப்பிடி யாரும் இங்க இல்ல."

"அவருக்கு விருது கொண்டாந்திருக்கோம்."

"விருதா? பிரஸ் மொதலாளி அனுப்புன ஆளா நீங்க? நிழலன்னு வெளிய ஒரு வார்த்த சொன்னா வேலையில இருக்க முடியாதுன்னு சொல்லி வச்சிருக்காக. இதுக்கு முந்தி சொன்ன ஒரு படக்காரன அன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்புனாக. ஆள விட்டு நோட்டம் பாக்கேளா?"

அண்ணாச்சி அடையாள அட்டையை நீட்டினார். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

"அட்டய எவனும் அடிக்கலாம். அச்சடிக்கதுதான எங்க அண்ணனுக்கே சோலி" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவனிடம் அத்தாட்சி கேட்ட மனிதர் அந்தச் சாத்திய கதவின் முன்னால் நின்றார். தான் ரசிகன் என்பதற்கு எந்த அலுவலகத்தில் சீட்டு தருகிறார்கள்? பிறகு ஜன்னல் பக்கம் போய்த் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, 'கருங்கணவாய்' கதையில சேனாபதி சட்டைக்கு முதப் படத்துல பொத்தான் இருக்கு, அடுத்த படத்துல இல்ல. 'நாகமலைக் கைதி'யில சூரியன் மேக்க இருக்கு, நிழலும் மேக்கயே விழுது. 'ஏழாம் வாசல்' கதையில பாலத்தத் தாண்டும்போது மின்னிக்கு அஞ்சு காலு."

உள்ளேயிருந்து பாய்ந்து வந்தது குரல். "அது காலு இல்ல, வாலு!"

"வாலுக்குக் குளம்பு எதுக்கு ஐயா?"

தாழ்ப்பாள் விலகியது. சங்கையா நின்றார். "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்" என்றார்.

அண்ணாச்சி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். மன்னிப்புக் கேட்டாரா என்றுகூட எனக்கு விளங்கவில்லை, அப்படி அழுதார். கிரைண்டருக்கும் நெல் மூட்டைக்கும் நடுவில் விருது விழா நடந்தது. நான்தான் சபை. கை தட்ட வேண்டாம், பக்கத்து வீட்டில் கேட்கும் என்று முத்துப்பேச்சி தடுத்துவிட்டாள். சங்கையா ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் பிரஸ்ஸில் இன்னும் பழைய மிஷின் என்றும், அச்சுத் தகட்டில் இடம் வலமாகப் போட்டால்தான் தாளில் நேராக விழும் என்றும், பதினாறு வயதிலிருந்து அப்படியே வரைந்து கை பழகிவிட்டது என்றும் சொன்னார். "நேராப் போடச் சொன்னா யோசிச்சுத்தான் சார் போடணும். உங்க முன்னாடி எங்க யோசிக்க முடிஞ்சுது?" என்றார். புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "நான் வந்தது வெளிய தெரிய வேண்டாம். எனக்கு வேற தொழில் தெரியாது."

அடுத்த நாளே அண்ணாச்சி அந்தக் கறுப்புத் துணியை என்னிடம் விலைக்குக் கேட்டார். சும்மா கொடுத்தேன். கண்ணாடி போட்டு ஃப்ரேம் செய்து, எதிர்ச் சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை மாட்டி அதில் பார்க்கப் போவதாகத் திட்டம். ஃப்ரேம் கடைக்காரன் துணியை மாற்றிவிடுவானோ என்ற சந்தேகத்தில் ஒரு வாரம் கொடுக்காமலே என் கடையில் விரித்து வைத்திருந்தார். தினமும் டியூட்டி முடிந்து வந்து பார்ப்பார். மூச்சுப் பட்டால் பொடி போய்விடும் என்று எட்டி நின்று பார்ப்பார்.

அப்படி ஒரு சாயங்காலம் நிற்கும்போதுதான் பிரஸ் மானேஜர் கருத்தையா வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் தோல் பை. நிழலன் விருது வாங்க இங்கே வந்தாரா என்று முதலாளி விசாரித்து வரச் சொன்னாராம். துணி மேஜையில் பளிச்சென்று கிடக்கிறது.

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "ஒருத்தன் வந்தான். டூப்பு. இந்தா, அவன் போட்ட படத்தப் பாருங்க. வாகையனுக்கு வடு எந்தக் கன்னத்துலன்னுகூடத் தெரியல. சிரிச்சு விரட்டிட்டோம். வேணும்னா பூக்கடையில கேளுங்க."

கருத்தையா மேஜையில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் பார்வை எங்களைத் தாண்டி, எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடிக்குப் போனது. அங்கேயே நின்றது. நான் பெருமாளைக் கூப்பிட்டேன், அண்ணாச்சி யாரைக் கூப்பிட்டார் என்று தெரியாது.

"டூப்புதான்" என்றார் கருத்தையா. "மொதலாளிகிட்ட அப்பிடியே சொல்லிருதேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்து மொதலாளியே வந்தாலும் வருவாரு. அதுக்கு முந்தி அந்தத் துணியத் துடைச்சிருங்க. கண்ணாடிக்கு எதுக்க இருக்கு."

அவர் போன பிறகு, அந்த ஆளை நம்பலாமா என்று அண்ணாச்சி கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. இஸ்திரிக்கு வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் துண்டை நனைத்துப் பிழிந்தார். நான் துடைக்கிறேன் என்று கை நீட்டினேன், கொடுக்கவில்லை. முதலில் கையெழுத்து போனது, பிறகு மின்னியின் நான்கு கால்கள், வால், வாள். முகத்துக்கு வந்தபோது கொஞ்சம் நின்றார். கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். பிறகு இடது கன்னத்து வடுவைத் துடைத்தார்.